கால் பிறேக்கில்தான் இருந்தது

"எழுத்தில் கிடைக்கும் ஒவ்வொரு விசாரணைக்கும் பத்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதிலளிக்கப்படும்." என் காரைச் செய்த கம்பனியின் வாடிக்கையாளர் சாசனத்தில் நான்காம் பந்தி. அதைத் தேடிப் பிடித்து என் கடிதத்தின் முதல் வரியாக வைத்திருந்தேன். முதலில் கொழும்பிலும் பிறகு சிட்னியிலும் அரசாங்க மேசைகளுக்குப் பின்னால் இருந்து மற்றவர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதி ஓய்வு பெற்றவன் நான். ஒரு கடிதம் எந்த மேசையில் வைத்துக் காணாமற்போகும் என்பது எனக்குத் தெரியும். பலவற்றை நானே காணாமற்போக்கியிருக்கிறேன்.

கடிதத்தில் கேட்டது ஒரேயொரு கேள்வி. இந்த வகை எஞ்சின், எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாமல், சிவப்பு விளக்கில் நிற்கும் நேரத்தில் தானாக நின்றுபோகச் சாத்தியம் உண்டா?

உண்டு என்றால் பிழை காரில். இல்லை என்றால் பிழை என்னில். என்னில் என்றால், என் மனைவியை வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகிற ஆள் அவளைக் கொல்லக்கூடிய ஆள்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நான்கு வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி டயலிசிஸ். பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டிலிருந்து மோட்டர்வேயில் ஏறி இறங்கினால் இருபத்தைந்து நிமிடம். போகும்போது பேசிக்கொண்டு வருவாள். திரும்பும்போது பேசமாட்டாள். இரத்த அழுத்தம் இறங்கி, முகம், கழுவிய துணி போல வெளுத்து, இடது கையை நெஞ்சோடு அணைத்தபடி இருப்பாள். அந்தக் கையில்தான் ஊசி ஏற்றுவதற்காக நரம்பைத் தைத்து வைத்திருக்கிறார்கள். அதில் அடி பட்டால் என்ன ஆகும் என்று தாதி ஒரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை கேட்க நான் விரும்பவில்லை.

முதல் தடவை நடந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். மோட்டர்வேயை விட்டு இறங்கி, சரிவின் முடிவில் சிவப்பு விளக்கு. பிறேக் பிடித்தேன். கார் நின்றது. பிறகு எஞ்சினும் நின்றது. முதலில் ஒரு நடுக்கம், குளிர்காய்ச்சல்காரனுக்கு வருகிற மாதிரி. அதன் பிறகு ஏசியின் காற்று மட்டும். பச்சை விழுந்ததும் பின்னால் இருந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். திரும்ப ஸ்டார்ட் செய்தேன், உடனே பிடித்தது. வீடுவரைக்கும் ஒழுங்காக ஓடியது, எதுவுமே நடக்காத முகத்தோடு.

இரண்டாம் தடவையைச் சொல்வதற்குத்தான் இதை எழுதவே தொடங்கினேன், ஆனால் இப்போதும் கை தயங்குகிறது. அடுத்த சனிக்கிழமை, அதே இறக்கம். இம்முறை விளக்கு பச்சை. வலது பக்கம் திரும்ப வேண்டும், எதிரே வாகனங்கள் வருகின்றன. சட்டப்படி சந்தியின் நடுவுக்கு வந்து நின்று இடைவெளிக்குக் காத்திருந்தேன். அங்கே எஞ்சின் நின்றது. எதிரே சீமெந்து கலக்கும் லொறி ஒன்று. விளக்கு மஞ்சளாக மாறியதும் லொறிக்காரன் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டினான். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன், ஒன்றும் இல்லை. கியரைப் பார்க்கில் போட மறந்திருந்தேன். போட்டு அழுத்தினேன். அந்த லொறியின் முன் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்த சின்னப் பச்சை நிறப் பொம்மை எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. அவன் எங்கள் மூக்கை உரசுகிற தூரத்தில் வளைத்துக்கொண்டு போனான். போகும்போது என்னவோ கத்தினான். அவனுடைய நியாயம் அவனுக்கு.

அவள் கத்தவில்லை. இடது கையை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் மறைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அப்ப எடுங்கோ."

வீட்டுக்கு வந்து அவளைப் படுக்கவைத்துவிட்டுக் குசினியில் தண்ணீர் குடித்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, கதவு திறக்கும்போதே, செவன் ஹில்ஸில் இருக்கும் எங்கள் மெக்கானிக்கின் கராஜில் நின்றேன். நம்மவர். ஐம்பது வயது இருக்கும், என்னை அங்கிள் என்பார். கையை எப்போதும் துடைத்துக்கொண்டே பேசுவார். கணினியைக் காரில் கொழுவிப் பார்த்தார், முற்றத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டார், ஒழுங்கையைச் சுற்றி ஒரு ரவுண்ட் அடித்தார்.

"ஒண்டும் காட்டுதில்லை, அங்கிள். சும்மா பூனை மாதிரி நிக்குது."

"சந்தி நடுவில் செத்தது."

"செத்தா கம்பியூட்டர் எழுதி வைச்சிருக்கும். ஒரு எழுத்தும் இல்லை." கொஞ்சம் தயங்கினார். "கியரை நியூட்ரலில் போட்டிட்டீங்களோ, தெரியாமல்?"

அந்தக் கேள்வியை அவர் மரியாதையாகத்தான் கேட்டார். மெல்பேர்னில், கிரெய்கிபர்னில் இருக்கும் என் மகள் அவ்வளவு மரியாதை பார்க்கவில்லை. தாய் அவளுக்கு ஃபோனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"அப்பா, காரில ஃபோல்ட் இல்லையெண்டு மெக்கானிக் சொல்லியாச்சு. பிறகென்ன?"

"மெக்கானிக்குக் காட்டவில்லை. அதுக்காக ஃபோல்ட் இல்லையெண்டு அர்த்தமில்லை."

"உங்களுக்கு எழுபத்தைந்து வரப்போகுது. ஒரு செக்கன் பிளாங்க் ஆகியிருந்தா உங்களுக்கே தெரியாது. அதுதான் டேஞ்சர். இரண்டு பேரும் இஞ்ச வாங்கோ. கீழ் அறை சும்மாதான் கிடக்குது. டயலிசிஸை இஞ்ச மாத்தலாம்."

"மாத்துறதுக்கு நாலு கடதாசி நிரப்ப வேணும். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா நிரப்புங்கோ."

அவள் சொன்னதில் என் நித்திரையைப் போக்கியது ஒரே வசனம். உங்களுக்கே தெரியாது. என் வாழ்நாளில் எனக்குத் தெரியாத விதி என்று ஒன்று இருக்கவில்லை, இருந்தால் தேடிப் படித்துவிடுவேன். இது படித்துத் தீர்க்கிற விஷயம் இல்லை. அந்தச் சந்தியில் என் கால் எங்கே இருந்தது? பிறேக்கில் என்று நினைக்கிறேன். நினைப்பது சாட்சி ஆகாது.

எழுபத்தைந்து வயதில் லைசென்ஸைத் தொடர வைத்தியரின் படிவம் வேண்டும். அதுவும் அந்த மாதமே தபாலில் வந்து சேர்ந்தது. எங்கள் வைத்தியர் மலேசியத் தமிழ்ப் பெண், சிரித்துப் பேசுகிறவர். காரணம் சொல்லமுடியாத சம்பவம் ஏதும் நடந்ததா என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்திருப்பேன். முப்பத்தெட்டு வருடம் மற்றவர்களிடம் உண்மையை நிரப்பச் சொன்ன வாய், சொல்லிவிட்டது.

பேனாவைக் கீழே வைத்தார். "அங்கிள், இப்ப நான் கையெழுத்துப் போட முடியாதே. கார்தான் காரணம்னு தெரிஞ்சா வாங்க. இல்லைன்னா மூளை ஸ்கேன், அப்புறம் டிரைவிங் டெஸ்ட். பிறந்தநாளுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு இல்லையா?"

அன்றைக்கு மாலைதான் கம்பனிக்கு அந்தக் கடிதம் எழுதினேன்.

நோயாளிகளை ஏற்றி இறக்கும் ஆஸ்பத்திரி வானுக்கும் விண்ணப்பித்தேன். அது வரும், ஆனால் எப்போது வரும் என்று சொல்லாது, திரும்பும்போது ஐந்து பேரை இறக்கிக்கொண்டு வரும். முதல் நாளே அவள் அதில் மயங்கி விழுந்தாள். அதன் பிறகு நானே ஓட்டினேன். மோட்டர்வேயை விட்டு, உள் வீதிகளால், நாற்பது நிமிடம். இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் என் முதுகு சட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பச்சை விழும், போவோம். மகளுக்கு அது போதுமான சாட்சியாக இருந்தது. "பார்த்தீங்களா, கவனமா ஓடினா நடக்குதில்லை." நானும் அதையே யோசித்துப் பயந்துகொண்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவள்தான் சொன்னாள்.

"இண்டைக்கு மோட்டர்வேயால போங்கோ."

"உனக்கென்ன விசரோ?"

"நான் உங்கட காலைப் பாக்கிறன். நீங்கள் ரோட்டைப் பாருங்கோ."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் காரில் ஏறியதும் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி, என் பக்கம் சரிந்து என் பாதங்களைப் பார்க்கத் தொடங்கினாள். எங்களுக்குக் கலியாணமாகி நாற்பத்தாறு வருடம். அவள் என் பாதங்களை இவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. மோட்டர்வேயில் பக்கத்தில் பெரிய லொறிகள் போகும்போதுகூட அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"சப்பாத்து லேஸ் அவிழ்ந்து கிடக்குது."

"பேசாமல் இரு."

"கால் வேகம் கூட்டுற பெடலில. இப்ப எடுத்திட்டீங்கள். இப்ப பிறேக்."

இறக்கம். சிவப்பு விளக்கு. கார் நின்றது. நடுங்கியது. செத்தது.

நான் அசையவில்லை. அவளும் நிமிரவில்லை.

"கால் பிறேக்கிலதான் இருந்தது" என்றாள். "கை ஸ்டியரிங்கில. ஒண்டும் செய்யேல்லை நீங்கள்." பிறகுதான் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். "ஹோர்ன் அடிக்கிறாங்கள். எடுங்கோ."

மனைவியின் சாட்சியத்தை எந்த விசாரணையிலும் நான் ஏற்றுக்கொண்டிருக்கமாட்டேன். அன்றைக்கு ஏற்றுக்கொண்டேன். அவளை டயலிசிஸ் கதிரையில் இருத்திவிட்டு நேரே செவன் ஹில்ஸுக்குப் போனேன். மெக்கானிக் ஒரு வான் வண்டியின் அடியில் கிடந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய சப்பாத்துகளிடம் பேசினேன்.

"நீங்கள் ஓடுங்கோ. மோட்டர்வேயில. நான் பக்கத்தில இருக்கிறன்."

"அங்கிள், வேலை கிடக்குது."

"நான் செத்தால் வேலை குறையும். எழும்புங்கோ."

அவர் ஓட்டினார். அதே இறக்கத்தில், அவருடைய கால் பிறேக்கில் இருக்க, எஞ்சின் நின்றது. ஒரு கார் சாவதைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. அவர் மெல்ல விசில் அடித்தார். ஸ்டார்ட் செய்யாமல், அபாய விளக்கைப் போட்டுவிட்டு, கணினியைக் கொழுவி எண்களைப் பார்த்தார்.

"இதுதான். முன்னுக்குப் போனது திரும்பி வரேல்லை."

கராஜுக்குத் திரும்பியதும் எனக்கு விளங்கப்படுத்தினார். எஞ்சினுக்குள் காற்று போகும் வால்வுகள் எப்போதும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. மெல்ல ஓடும்போது ஒரு நேரம், வேகத்தில் போகும்போது கொஞ்சம் முந்திய நேரம். அந்த நேரத்தை மாற்றுவது எஞ்சின் ஒயிலின் அழுத்தம். ஒயிலை எந்தப் பக்கம் விடுவது என்று தீர்மானிப்பது கணினி. கணினியின் சொல்லை ஒயிலிடம் கொண்டுபோவது ஒரு சொலனொயிட்: மின்சாரம் வந்தால் காந்தமாகி உள்ளே ஒரு சின்னத் தண்டைத் தள்ளும் சாமான். என் பெருவிரலைவிடச் சற்று நீளம்.

எனக்கு உடனே விளங்கியது. அரசாங்கக் கந்தோர்களில் பியோன் ஒருவர் இருப்பார். மேலதிகாரியின் உத்தரவை வேலை நடக்கும் அறைக்குக் கொண்டுபோவது அவர். அவர் ஒரு நாள் நடையில் எங்காவது நின்றுவிட்டால் கந்தோர் நின்றுவிடாது. நேற்றைய உத்தரவுப்படி நடந்துகொண்டிருக்கும். என் எஞ்சினிலும் அதுதான் நடந்தது. மோட்டர்வேயில் வேகத்துக்காகக் கொடுத்த உத்தரவு, சிவப்பு விளக்கில் கார் நின்ற பிறகும் அமலில் இருந்தது. வேகத்துக்கான மூச்சை நிற்கிற எஞ்சினால் இழுக்க முடியாது. திணறிச் சாகும். முற்றத்தில் வைத்து ஓடவிட்டால் அந்தத் தண்டு முன்னுக்குப் போகவேண்டிய தேவையே இல்லை, ஆகவே சிக்கவும் இல்லை. உள் வீதிகளின் மெல்லிய ஓட்டத்தில் அது சிக்குமளவுக்கு முன்னுக்குப் போகவில்லை.

"அப்ப ஏன் விளக்கு எரியேல்லை?"

"இரண்டு ஓட்டத்தில அடுத்தடுத்துக் கண்டாத்தான் விளக்குப் போடும், அங்கிள். இது ஒரு நாள் செய்யும், மற்ற நாள் செய்யாது."

அதிலும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முறைப்பாடு இரண்டாம் தடவை வரும்வரை நானும் கோப்புத் திறந்ததில்லை.

ஒரே ஒரு ஆணியைக் கழற்றி அதை வெளியே இழுத்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்தார். சுற்றியிருந்த வலை, தேயிலை வடியைப்போல மெல்லியது, கறுத்த களியால் அடைபட்டிருந்தது. தண்டை விரலால் தள்ளினார். போனது. விட்டார். வரவில்லை. போன இடத்திலேயே நின்றது.

"ஏன் இப்பிடி வந்தது?"

அவர் கையைத் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருடைய கண் ஒரு தடவை மூலைச் சுவரில் இருந்த தட்டுக்குப் போய்த் திரும்பியது. அங்கே என் ஒயில் கான் இருந்தது. என் கையால் என் பெயர் எழுதியது.

கொழும்பில் கராஜுக்குக் காரை விட்டால் நல்ல ஒயிலை எடுத்துவிட்டுப் பழைய ஒயிலை ஊற்றிவிடுவார்கள் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். ஆகவே ஒயிலை நாமே வாங்கிக்கொண்டு போவோம், பக்கத்தில் நின்று ஊற்றுவதைப் பார்ப்போம். தடித்த ஒயில், வெக்கைக்குத் தாங்கும், எஞ்சினைப் பிடித்துக்கொள்ளும். கம்பனியின் கராஜை விட்டு இவரிடம் வந்த நாளிலிருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, தவறாமல், நான் கான் கொண்டுவந்து பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் தடவை இவர் ஏதோ சொல்ல வந்தார். "அங்கிள், இதுக்கு மெல்லிசா ஒரு ஒயில்..." நான் இருபது நிமிடம் விளக்கினேன். அதன் பிறகு அவர் சொல்லவில்லை.

"நீங்கள் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொன்னனான்." அவர் துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்கள் எவ்வளவு படிச்ச ஆள். இரண்டாந்தரம் எப்பிடிச் சொல்லுறது?"

காரின் முன் பெட்டியில் கையேடு இருந்தது, பிளாஸ்டிக் உறை கூடக் கிழியாமல். எந்தத் திணைக்களத்தின் சுற்றறிக்கையையும் அடிக்குறிப்புவரை படிக்கிற நான் அதைத் திறந்ததே இல்லை. கார் பற்றி எனக்குத்தான் தெரியுமே. ஒயில் பற்றிய பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் எழுதியிருந்தது: பூச்சியம்-இருபது. வேறு தடிப்பு பாவிக்க வேண்டாம். நான் ஊற்றியது இருபது-ஐம்பது. தண்ணீர் போல ஓட வேண்டிய ஊசித் துவாரத்துக்குள் மூன்று வருடமாகச் சீனிப்பாணி ஊற்றியிருக்கிறேன்.

அந்தக் கராஜின் கதிரையில் இருந்தபோது வந்த பயம் லொறியின் முன்னால் வந்ததைவிடப் பெரிது. லொறிப் பயம் சில வினாடி. பிழை என்னில் இல்லை என்று ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன், இப்போது அது என்னிடமே திரும்பி வந்திருந்தது. கால் சரி. தலைதான். வைத்தியரின் படிவத்தில் கண்ணைப் பற்றிக் கேள்வி உண்டு, இதயத்தைப் பற்றி உண்டு. எல்லாம் தெரியும் என்ற நோயைப் பற்றி ஒரு பெட்டியும் இல்லை.

புதுச் சொலனொயிட் போட்டார். மெல்லிய ஒயிலை அவரே ஊற்றினார். சில நாள் ஓடவிட்டு அதையும் மாற்றி ஊற்றினார், உள்ளே கழுவுவதற்கு. நான் பக்கத்தில் நிற்கவில்லை. வெளியே நின்று வீதியைப் பார்த்தேன்.

மெக்கானிக் எழுதிக் கொடுத்த துண்டுக் கடதாசியை வைத்தியரிடம் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டார். மகளிடம் ஒரு பாகம் பழுது என்று மட்டும் சொன்னேன். "சொறி, அப்பா" என்றாள், உண்மையாகவே அழுதாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், கீழ் அறை இன்னும் சும்மாதான் கிடக்கிறது. மனைவியிடமும் சொல்லவில்லை. அவள் இப்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். ஆனால் சிவப்பு விளக்கு வந்தால் பழக்கத்தில் ஒரு தடவை கீழே பார்த்து, "சரி" என்பாள். அந்தச் சரியைக் கேட்டதும், பச்சை விழும்வரை நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கம்பனிக்கு எழுதிய கடிதத்தை நான் திரும்பப் பெறவில்லை. பத்து வேலை நாள் எப்போதோ போய்விட்டது. இரண்டு நினைவூட்டல்கூட அனுப்பினேன். கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும், ஆனாலும் விதி விதிதான் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மகள் ஒரு வார லீவில் வந்திருந்தபோது கம்பனியின் பதில் வந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம், அவளும் கூட வருவதாக இருந்தது. தபால் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறி, என்னைக் கேட்காமலே பிரித்தாள். என்னுடைய வெற்றியை எனக்கு வாசித்துக் காட்டுகிற குரலில் வாசித்தாள். தாமதத்துக்கு வருந்துகிறோம். ஆம், நீங்கள் குறிப்பிட்ட நிலைமை ஏற்படச் சாத்தியம் உண்டு. பெரும்பாலும் கையேட்டில் குறிப்பிடப்படாத தடிப்புள்ள ஒயில் பாவிக்கும்போது. தயவுசெய்து பாவித்த ஒயிலின் விபரத்தை அறியத்தரவும்.

குரல் நின்றது.

"அப்பா, என்ன ஒயில் விட்டனீங்கள்?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சீராக, கேட்கக்கூட இல்லாமல். நான் கண்ணாடியில் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் திரும்பி மனைவியிடம் சொன்னேன், கானில் இருந்து கையேடு வரைக்கும், ஒன்றும் விடாமல். இடது கையை நெஞ்சோடு வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அந்த மெக்கானிக் பிள்ளை ஃபோன் எடுத்துச் சொன்னவர், உங்களோட கோவிக்க வேண்டாமெண்டு. நீங்கள் எப்ப சொல்லுவீங்களெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." பிறகு பின்னால் திரும்பி, "அந்தக் கார்ப் புத்தகத்தை எடுத்து வாசி, பிள்ளை. இனி அப்பா ஓட, நீ போற வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு பக்கம். முழுக்க."

மகள் கிரெய்கிபர்ன் என்ற சொல்லை எடுக்கவில்லை. முன் பெட்டியிலிருந்து கையேட்டை எடுத்துக் கொடுத்தேன். கடிதத்தை அவளிடமிருந்து வாங்கி, பேனாவை எடுத்து, கந்தோரில் செய்கிற மாதிரியே வலது மேல் மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, செவ்வாய்க்கிழமை, மார்ச் 11.